தலைமடையும் கடைமடையும்: காவிரி நீர்ப் பங்கீட்டின் கணக்கும் முறையும்

முன்னுரை

ஓர் ஆறு பல நாடுகளின் வழியே ஓடுமாயின் அதன் நீர் யாருக்கு உரியது என்னும் வினா தொன்றுதொட்டு எழுந்துவருவதாகும். மழை பெய்யும் மலை ஒரு நாட்டில் இருக்கும். நெல் விளையும் சமவெளி மற்றொரு நாட்டில் இருக்கும். மேல்நாட்டார், தம் மலையில் பிறந்த நீர் தமக்கே உரியது என்பர். கீழ்நாட்டார், தம் முன்னோர் காலம் முதல் தம் வயலிற் பாய்ந்த நீர் தமக்கே உரியது என்பர். தனித்தனியே கேட்பார்க்கு இரண்டும் நியாயமாகவே தோன்றும். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதுதான் வழக்கின் அருமை விளங்கும்.

இப்பொருள் பொறியியலார்க்கும் சட்ட அறிஞர்க்கும் உரியது, தமிழ் ஆராய்வார்க்கு இதில் என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நீர்ப்பங்கீடு பற்றிய சட்டச் சொற்கள் நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் நிரம்ப உள்ளன. அவற்றைப் பொருள் உணர்ந்து படிப்பதற்கு இன்றைய வழக்கின் உண்மை நிலையை அறிதல் துணை செய்யும். இன்றைய வழக்கினை எடைபோடுவதற்கு அப்பழஞ்சொற்களும் ஓரளவு துணை செய்யும். ஆகவே காவிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பாசனத் திட்டம் வகுப்பதன் கணக்கினையும் மாநிலங்களுக்கிடையே நீரைப் பகிர்வதன் முறையினையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மடைச் சொற்கள் உணர்த்தும் உண்மை

மடை என்பது நீர் செல்லும் வாயில். ஏரியிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ முதலில் நீர் பெறும் இடம் தலைமடை; இறுதியிற் பெறும் இடம் கடைமடை. இவ்விரு சொற்களும் இடத்தைக் குறிப்பனவாயினும் இடத்தோடு நில்லாமல் ஆற்றலின் வேறுபாட்டையும் உணர்த்துகின்றன. தலைமடையில் உள்ளவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பின்னரே நீரைக் கீழே விடுகின்றான். கடைமடையில் உள்ளவனோ தனக்கு மேலுள்ளோர் அனைவரும் எடுத்து எஞ்சியதையே பெறுகின்றான். மேலுள்ளவன் செய்வது கீழுள்ளவனைத் தாக்கும். கீழுள்ளவன் செய்வது மேலுள்ளவனைத் தாக்காது. நிலவழக்கினின்றும் நீர்வழக்கு வேறுபடுதற்கு இதுவே காரணமாகும்.

இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சோழர் காலச் செப்பேடுகளில் நிலம் பிரமதேயமாக விடப்படும்பொழுது, நிலத்தோடு நீரும் கொடுக்கப்படுதலைக் காண்கின்றோம். நீருக்கு அளித்த அளவின்படி வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிக்கொள்ளும் உரிமை நிலம் பெற்றோர்க்கு உண்டு. அதனோடு அயலார்க்கு மூன்று தடைகளும் கூறப்படுகின்றன. அவ்வாய்க்காலிலிருந்து குறங்கு அறுத்தல் கூடாது. குற்றேத்தம் பண்ணுதல் கூடாது. கூடைநீர் இறைத்தல் கூடாது. குறங்கு என்பது கிளைக்கால். தொடையைக் குறிக்கும் சொல் ஈண்டுக் கிளைத்துச் செல்லும் வாய்க்காலுக்கு ஆகிவந்தது. குற்றேத்தம் என்பது சிறிய ஏற்றம். கூடைநீர் என்பது கூடையால் இறைக்கும் நீர்.

இம்மூன்றும் எண்ணப்பட்ட வரிசை நோக்கத்தக்கது. பேரளவில் நீரைத் திருப்பும் கிளைக்கால் முதலிற் கூறப்படுகின்றது. ஒருவர் இருவர் கையால் இறைக்கும் கூடை இறுதியிற் கூறப்படுகின்றது. கூடை ஒன்று எடுக்கும் நீர் சிறிதே. எனினும் நூறு கூடைகள் நாள்தோறும் இறைக்குமாயின் கடைமடை வறளும். பெரிய அணையை மட்டும் எண்ணிச் சிறிய எடுப்புகளை எண்ணாத ஒப்பந்தம் முழுமையானதன்று என்னும் உண்மை, சட்டமாகவே அக்காலத்தில் எழுதப்பட்டிருந்தது எனலாம்.

ஆற்றின் இயல்பு

காவிரி குடகு நாட்டில் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலிற் கலக்கின்றது. இதன் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர். இதில் கருநாடகத்தின் பகுதி 34,273. கேரளத்தின் பகுதி 2,866. தமிழ்நாட்டின் பகுதி 43,868. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காற் பகுதி 148 சதுர கிலோமீட்டர் ஆகும். ஏமாவதி, ஆரங்கி, இலட்சுமணதீர்த்தம், கபினி, சிம்சா, அருக்காவதி முதலியன மேற்பகுதியிற் கலக்கும் துணையாறுகள். பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை தமிழ்நாட்டிற் கலப்பன. கபினி கேரளத்தின் வயநாட்டில் தோன்றுவது.

பரப்பளவை மட்டும் நோக்குவார் தமிழ்நாட்டில் வடிநிலம் மிகுதி என்பதால் நீரும் மிகுதி என்று கருதக்கூடும். அது பொருந்தாது. குடகு, வயநாடு ஆகிய மலைப் பகுதிகளில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கின்றது. ஆற்றை நிரப்புவது பெரும்பாலும் அம்மழையே. தஞ்சைச் சமவெளிக்குரிய மழை வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்வது. ஆகவே சூன் மாதத்தில் குறுவை நடவு செய்யும் உழவனுக்கு அவன் தலைக்குமேல் மழை இல்லை. அவனுக்கு வேண்டிய மழை நூற்றுக்கணக்கான கல் தொலைவில் பெய்துகொண்டிருக்கின்றது.

வானம் தவறிய காலத்தும் காவிரி தவறாது என்னும் கருத்துடன் பட்டினப்பாலை தொடங்குதலை நாம் அறிவோம். இது வெறும் புகழ்ச்சி என்று தள்ளத்தக்கதன்று. கடற்கரைப் பட்டினத்தில் வாழ்வோன் கண்ட வானம் வேறு. காவிரியை நிரப்பிய வானம் வேறு. தன் ஊரில் மழை பொய்த்த காலத்தும் மலையிற் பெய்த மழையால் ஆறு பெருகி வருதலை அவன் கண்டான். அந்நூல் காவிரியை மலையோடும் கடலோடும் சேர்த்தே குறிப்பதும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. பண்டைப் புலவர் கண்ட அதே உண்மைதான் இன்றைய வழக்கின் வேராகவும் உள்ளது. மழை பெய்யும் இடமும் காலமும் வேறு, நீர் வேண்டும் இடமும் காலமும் வேறு என்பதே அது.

திட்டமிடலின் கணக்கு

பாசனத் திட்டம் ஒன்று வகுப்போர் முதலில் அறியவேண்டுவது ஆற்றில் ஆண்டுதோறும் வரும் நீரின் அளவு. இதனை ஆயிரம் மில்லியன் கன அடி என்னும் அலகால் குறிப்பர், சுருக்கமாக டி.எம்.சி. என்பது வழக்கு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடும் நீர் 86,400 கன அடி. ஆதலின் நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். செய்தித்தாள்களில் நொடிக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் மாறிமாறி வரும் எண்களை ஒப்புநோக்குதற்கு இக்கணக்கு பயன்படும்.

ஆற்றின் வரத்து ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதால் எந்த அளவை அடிப்படையாகக் கொள்வது என்பது அடுத்த வினா. பல ஆண்டுகளின் வரத்தை மிகுதியிலிருந்து குறைவு நோக்கி வரிசைப்படுத்துக. நூறு ஆண்டுகளில் எழுபத்தைந்து ஆண்டுகள் எந்த அளவு குறையாமல் கிடைக்கின்றதோ அது 75 விழுக்காட்டு உறுதியுடைய வரத்து. ஐம்பது ஆண்டுகளிற் குறையாமல் கிடைப்பது 50 விழுக்காட்டு உறுதியுடைய வரத்து. முன்னது சிறிய எண். பின்னது பெரிய எண். பெரிய எண்ணைக் கொண்டு பகிர்ந்தால் ஒவ்வொருவர்க்கும் ஏட்டில் மிகுந்த பங்கு கிடைக்கும். ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டு அப்பங்கு முழுமையாகக் கைக்கு வாராது. கிருட்டிணை ஆற்று வழக்கில் 75 விழுக்காட்டு உறுதியின்படி 2,060 டி.எம்.சி. பங்கிடப்பட்டது. காவிரியிலோ 50 விழுக்காட்டு உறுதியின்படி 740 டி.எம்.சி. கொள்ளப்பட்டது. இத்தேர்வின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவதாக அறியவேண்டுவது முன்னரே உள்ள பாசனம். புதிய அணை கட்டுவோன் ஆற்றில் ஓடும் நீர் அனைத்தையும் உரிமையாளர் அற்ற நீராகக் கொள்ளுதல் கூடாது. அந்நீரின் ஒரு பகுதி கீழே எத்தனையோ வாய்க்கால்களின் வாழ்வாக இருக்கும். காவிரியில் இப்பழம் பாசனம் மிகத் தொன்மையானது. கல்லணையைக் கரிகாலனோடு இணைத்துக் கூறுதல் மரபு. அவன் காவிரிக்குக் கரை கண்டான் என்னும் செய்தியைப் பிற்காலச் செப்பேடுகள் குறிக்கின்றன. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையையும் அமைத்து அப்பாசனத்தை வலுப்படுத்தினார். இவை நீரைத் தேக்கும் அணைகள் அல்ல, திருப்பும் அணைகள். அஃதாவது மேலிருந்து நீர் வந்தால்தான் இவற்றுக்குப் பயன் உண்டு.

இரு ஒப்பந்தங்கள்

மேலே மைசூர் அரசும் கீழே சென்னை மாகாணமும் இருந்த காலத்தில், 1892 பிப்ரவரி 18ஆம் நாள் முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. குறிப்பிட்ட ஆறுகளின்மீது சென்னை அரசின் முன்இசைவு இன்றி மைசூர் புதிய பாசனப் பணிகளைச் செய்தல் கூடாது என்பது அதன் சாரம். பழம் பாசனத்தைக் காப்பதே அதன் நோக்கமாயினும், மைசூர் ஆங்கிலப் பேரரசுக்குக் கட்டுப்பட்ட அரசாகவும் சென்னை அப்பேரரசின் நேரடி மாகாணமாகவும் இருந்தமையை மறத்தல் ஆகாது. இரு தரப்பும் ஒத்த நிலையில் இருந்து செய்த ஒப்பந்தம் அன்று என்னும் குறைபாடு கருநாடகத்தில் நெடுங்காலம் இருந்துவந்தது.

கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் அரசு முற்பட்டபொழுது இவ்வொப்பந்தம் சோதனைக்கு உள்ளாயிற்று. விசுவேசுவரையா தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில், 1911இல் அணைப்பணி தொடங்கியது. சென்னை மறுப்புத் தெரிவிக்கவே, நடுவராக அமர்ந்த கிரிபின் 1914இல் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. பல ஆண்டு வழக்காடலுக்குப் பின் 1924 பிப்ரவரி 18ஆம் நாள் இரண்டாம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மைசூர் கண்ணம்பாடியில் கிருட்டிணராசசாகரத்தைக் கட்டிக்கொள்ளவும், சென்னை மேட்டூரில் அணை கட்டிக்கொள்ளவும் வழி பிறந்தது. மேட்டூர் அணை 1925இல் தொடங்கப்பெற்று 1934இல் நிறைவெய்தியது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 93.5 டி.எம்.சி.

1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு கூறுகள் நம் கருத்துக்கு உரியன. ஒன்று, மேலணையில் அளவிடப்படும் நீர்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு கிருட்டிணராசசாகரத்தில் நீர் தேக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. கீழே உரிய நீர் செல்கின்றதா என்பதைக் கீழேயே அளந்து பார்க்கும் முறை அது. மற்றொன்று, ஒப்பந்தத்தின் சில பகுதிகளை ஐம்பது ஆண்டுக்குப் பின் மீண்டும் ஆராயலாம் என்று கூறப்பட்டது. அந்த ஐம்பது ஆண்டு 1974இல் முடிவுற்றது. அதற்குள் மைசூர் மாநிலம் 1973இல் கருநாடகம் ஆயிற்று. சென்னை மாநிலம் 1969இலேயே தமிழ்நாடு ஆயிற்று. ஏமாவதி, கபினி, ஆரங்கி ஆகிய ஆறுகளில் புதிய அணைகள் எழுந்தன. ஒப்பந்தம் முடிந்தது என்றது ஒரு தரப்பு. மறு ஆய்வுக்கு உரியதே அன்றி முடிவுற்றதன்று என்றது மறு தரப்பு.

உரிமை பற்றிய கொள்கைகள்

உலகில் ஆற்றுநீர் உரிமை பற்றி மூன்று கொள்கைகள் வழங்கிவந்துள்ளன. முதலாவது, தன் எல்லைக்குள் ஓடும் நீர்மீது ஒரு நாட்டிற்கு முழு ஆட்சி உண்டு என்பது. 1895இல் இரியோ கிராண்டே ஆறு பற்றி மெக்சிக்கோ முறையிட்டபொழுது, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைமை வழக்கறிஞர் ஆர்மன் இக்கொள்கையை எடுத்துரைத்தார். இரண்டாவது, கீழே நெடுங்காலம் பயன்படுத்திவந்தோரின் உரிமையைச் சிறிதும் குறைத்தல் ஆகாது என்பது. மூன்றாவது, தேவை, பழம் பயன்பாடு, மக்கள்தொகை, நிலத்தின் இயல்பு முதலிய அனைத்தையும் சீர்தூக்கி நேர்மையாகப் பகிர்தல் வேண்டும் என்பது. 1966இல் எல்சிங்கியில் பன்னாட்டுச் சட்டக் கழகம் வகுத்த விதிகள் இம்மூன்றாவது கொள்கையை ஏற்றன.

ஆர்மன் கொள்கையை வெளியிட்ட அந்நாடே அதனைக் கடைப்பிடிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1906இல் மெக்சிக்கோவோடு செய்த உடன்படிக்கையில், ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி நீரைத் தருவதாக அது ஒப்புக்கொண்டது. கடும் வறட்சி நேர்ந்தால் தன் வயல்களுக்குச் செல்லும் நீர் எவ்வளவு விகிதம் குறைகின்றதோ அதே விகிதத்தில் மெக்சிக்கோவின் நீரும் குறையும் என்றும் அதில் எழுதப்பட்டது. இவ்விதியின் சிறப்பைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று ஆற்று வாரியச் சட்டம். மாநிலங்கள் கூடித் திட்டமிடுதற்கு வழி வகுப்பது. மற்றொன்று மாநிலங்களுக்கிடையிலான நீர்த் தகராறுகள் சட்டம். பூசல் எழுந்த பின்னர்த் தீர்ப்பதற்கு வழி வகுப்பது. முன்னதன்கீழ் வாரியம் எதுவும் அமைந்திலது. பின்னதன்கீழ் நடுவர் மன்றங்கள் பல அமைந்தன. கூடித் திட்டமிடும் கருவி உறங்கிற்று. கூடி வழக்காடும் கருவியே உழைத்தது. மேல்நாட்டில் அணைகள் கட்டி முடிந்த பின்னர், அவற்றை நம்பி நிலங்கள் திருத்தப்பட்ட பின்னர், எத்துணை நேர்மையான நடுவர்க்கும் யாரையும் வருத்தாமல் தீர்ப்பளித்தல் அரிது.

நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும்

தமிழ்நாடு 1986இல் நடுவர் மன்றம் வேண்டியது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 1990 சூன் 2ஆம் நாள் மன்றம் அமைக்கப்பட்டது. 1991 சூன் 25ஆம் நாள் வந்த இடைக்கால ஆணை, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் மேட்டூரைச் சேருமாறு கருநாடகம் விடுதல் வேண்டும் என்றது. அவ்வாண்டுத் திசம்பரில் அவ்வாணை அரசிதழில் வெளிவந்ததை ஒட்டிக் கருநாடகத்தில் வாழ்ந்த தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. மடையைப் பற்றிய வழக்கு மனிதரைப் பற்றிய வழக்காக மாறியது அப்பொழுதே. எவ்வகையாலும் நீரோடு தொடர்பற்ற கூலித்தொழிலாளரும் சிறுகடைக்காரரும் துன்புற்றனர்.

இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5ஆம் நாள் வந்தது. 740 டி.எம்.சி. நீரில் தமிழ்நாட்டிற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என வகுக்கப்பட்டது. சுற்றுச்சூழல் காத்தற்கு 10, தவிர்க்கவியலாது கடலிற் சேர்வதற்கு 4 ஒதுக்கப்பட்டன. இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. அளந்து தரப்படுதல் வேண்டும் என்பது முடிவு. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் நாள் அதனை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கருதியும், 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவையைக் கருதியும் கருநாடகத்திற்குச் சேர்க்கப்பட்டது. அதனால் தமிழ்நாட்டின் பங்கு 404.25, கருநாடகத்தின் பங்கு 284.75 ஆயின. ஆற்றுநீர் எந்த மாநிலத்தின் தனியுடைமையும் அன்று என்றும், 1924ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1974இல் முடிவுற்றது என்றும் நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு சூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது.

தீர்ப்பின் உயிர்நாடி 177.25 என்னும் ஆண்டுத் தொகையில் இல்லை. மாதவாரிப் பகுப்பில் உள்ளது. சூனில் 9.19, சூலையில் 31.24, ஆகத்தில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, திசம்பரில் 7.35, சனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. என்பது அப்பகுப்பு. மேட்டூர் அணையைச் சூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. குறுவைக்குச் சூன், சூலையில் நீர் வேண்டும். சம்பாவிற்கு ஆகத்து முதல் வேண்டும். ஆகத்தில் வரவேண்டிய நீர் அக்டோபரில் வெள்ளமாக வருமாயின் ஆண்டுக் கணக்கு நேராகும். ஆனால் கருகிய நாற்று மீண்டும் தளிர்க்காது. கணக்குப் புத்தகத்தில் காலம் இல்லை. வயலில் காலமே எல்லாம்.

வறட்சி ஆண்டின் வழக்கு

நல்ல மழை பெய்த ஆண்டில் காவிரி வழக்கு எழுவதே இல்லை. வெள்ள நீரைத் தேக்கி வைக்க இடமின்றி மேலணைகள் திறக்கப்படும், மேட்டூரும் நிரம்பும். வழக்கு எழுவது குறைந்த ஆண்டில்தான். 50 விழுக்காட்டு உறுதியை அடிப்படையாகக் கொண்டமையால், அத்தகைய குறைந்த ஆண்டு அரிதாக வருவதன்று என்பதை முன்னரே கண்டோம். ஆகவே வறட்சி ஆண்டிற்குரிய விதியே இவ்வொழுங்கின் அச்சாணி எனலாம்.

அவ்விதி யாது? வரத்து குறைந்த ஆண்டில் ஒவ்வொருவர் பங்கும் விகிதப்படி குறையும் என்பது நடுவர் மன்றத்தின் கூற்று. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மொத்த வரத்து 740க்குப் பதிலாக 592 ஆயிற்று எனக் கொள்க. இஃது ஐந்தில் நான்கு பங்கு. அவ்வாண்டு பிலிகுண்டுலுவில் தரவேண்டியதும் 177.25இல் ஐந்தில் நான்கு, அஃதாவது 141.8 டி.எம்.சி. ஆகும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஆண்டின் மொத்த வரத்து அடுத்த ஆண்டு மே மாத இறுதியில்தான் தெரியும். நீரை விடவேண்டுவதோ சூனில். சூலையில் மழை குறைந்தபோது மேலுள்ளவர், இவ்வாண்டு வறட்சி என்று கருதித் தேக்குவர். கீழுள்ளவர், இன்னும் இரு மாதம் மழைக்காலம் உண்டு என்று கூறிக் கேட்பர். இருவர் கூற்றும் எதிர்காலத்தைப் பற்றியனவாதலின் அன்றைய நாளில் இரண்டையும் பொய் என நிறுவ இயலாது.

இதனைத் தீர்த்தற்கு, கருநாடகத்தின் நான்கு அணைகளுக்கு அந்நாள்வரை வந்த நீரை முந்திய முப்பது ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டுக் குறைவிகிதம் காணும் முறை வழக்கில் வந்துள்ளது. 2023ஆம் ஆண்டு வறட்சியில், நொடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் நீர் விடுமாறு ஆணையம் பணித்தது. இதனை மேற்கூறிய கணக்கால் ஆராய்வோம். 5,000ஐ 86,400ஆலும் 15ஆலும் பெருக்கினால் 6.48 டி.எம்.சி. வரும். செப்டம்பர் மாதத்தின் பாதிக்கு உரியது 18.38 டி.எம்.சி. ஆகவே உரியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பணிக்கப்பட்டது. அதுவும் மிகை என்று மாண்டியா உழவர் கிளர்ந்தனர். மிகக் குறைவு என்று தஞ்சை உழவர் வருந்தினர். உச்ச நீதிமன்றம் அவ்வாணையில் தலையிட மறுத்தது.

இவ்விடத்தில் 1906ஆம் ஆண்டு உடன்படிக்கையை நினைவுகூர்தல் தகும். அங்குக் குறைவிகிதம் அணைக்கு வந்த நீரைக் கொண்டு அளக்கப்படவில்லை. மேல்நாட்டு வயலுக்குச் சென்ற நீரைக் கொண்டு அளக்கப்பட்டது. மேலுள்ளவன் தன் வயலுக்குப் பாதி விட்டால் கீழுள்ளவனுக்கும் பாதி விடுதல் வேண்டும். தன் துன்பத்தின் அளவே பிறன் துன்பத்தின் அளவாகும். இம்முறையில் ஐயத்திற்கு இடம் குறைவு. மேலுள்ளவன் தன் உழவர்க்கு முழுதும் விட்டு, கீழுள்ளவனுக்கு மட்டும் வறட்சியைக் காட்ட இயலாது.

நம் ஊர் ஏரிகளின் வழக்கமும் இதனோடு ஒத்ததே. ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் மடைகள் தடையின்றித் திறந்திருக்கும். நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவர். இன்ன மடைக்கு இத்தனை நாழிகை என்பது முன்னரே ஊரார் அறிந்த ஒன்று. பஞ்சம் வந்த பின்னர்க் கூடி விதி செய்வதில்லை. மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் பணி. நிலமுடையான் தானே திறந்துகொள்ளுதல் குற்றம். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குறிக்கும் ஏரி வாரியம், நீர்நிலையைப் பேணுதல் தனி ஒருவரிடம் விடப்படாமல் ஊர்ச்சபையின் குழுவிடம் ஒப்புவிக்கப்பட்டமையைக் காட்டுகின்றது. இவற்றில் இரு நெறிகள் அடங்கியுள்ளன. பற்றாக்குறைக்குரிய முறை பற்றாக்குறைக்கு முன்பே வகுக்கப்படுதல் ஒன்று. மடையைத் திறப்பவன் அந்நீரால் பயன்பெறுபவன் அல்லனாதல் மற்றொன்று. காவிரியில் முதல் நெறி அரைகுறையாகவே நிறைவேறியுள்ளது. இரண்டாம் நெறி நிறைவேறவில்லை. ஆணையம் ஆணையிடினும் மதகு மேல் மாநிலத்தின் கையிலேயே உள்ளது.

கருநாடகம் மேகேதாட்டில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்ட வகுத்த திட்டத்தை இந்நோக்கில் ஆராய்தல் வேண்டும். குடிநீரும் மின்னாற்றலுமே அதன் நோக்கம் என்று அம்மாநிலம் கூறுகின்றது. கிருட்டிணராசசாகரத்திற்கும் கபினி அணைக்கும் கீழே, பிலிகுண்டுலுவிற்கு மேலே சேரும் நீரைத் தடுக்கும் பேரணை எதுவும் ஆற்றில் இல்லை. அது தானாகவே கீழே வருகின்றது. அவ்விடத்தில் அணை எழுமாயின், இதுவரை யார் கைக்கும் அடங்காத அந்நீரும் ஒரு மதகின் பின்னே நிற்கும். ஆண்டுக் கணக்கில் 177.25 குறையாமல் தரப்படலாம். எனினும் எந்நாளில் தருவது என்பதை முடிவு செய்யும் ஆற்றல் முழுதும் தலைமடைக்குச் சென்றுவிடும். தமிழ்நாட்டின் அச்சம் அளவைப் பற்றியது மட்டுமன்று, காலத்தைப் பற்றியதும் ஆகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. நீர்ப்பங்கீட்டில் தலைமடையின் வலிமையும் கடைமடையின் தொன்மையும் ஒன்றையொன்று முற்றும் வெல்ல முடியாதவை. நேர்மையான பகிர்வே இரண்டிற்கும் பொதுவான வழி. ஆண்டுத் தொகையைக் காட்டிலும் மாதப் பகுப்பும், மாதப் பகுப்பைக் காட்டிலும் வறட்சி விதியும் உழவனுக்கு இன்றியமையாதவை. மேலும், கூடித் திட்டமிடாமல் தனித்துக் கட்டிவிட்டுப் பின்னர்க் கூடி வழக்காடுதல், இரு நாட்டு உழவர்க்கும் தீராத் துன்பமாக முடிகின்றது.

மாண்டியா உழவனும் தஞ்சை உழவனும் ஒருவருக்கொருவர் பகைவர் அல்லர். இருவரும் ஒரே வாய்க்காலின் இரு மடைகளில் நிற்பவர். ஓர் ஊருக்குள் இத்தகைய இருவர் நின்றபொழுது அவர்களிடையே என்ன முறை வைக்கப்பட்டது என்பதை நம் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் கூறுகின்றன. அவ்வூர்களில் வழங்கிய முறைகளைப் பகுதி பகுதியாகத் தொகுத்து, அவற்றில் வறட்சிக்கால விதிகள் எவ்வாறு அமைந்தன என்று ஆராய்தல், தமிழ் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. கூடைநீர் இறைப்பதையும் எண்ணிச் சட்டம் செய்த ஒரு மரபு, பேராற்றின் பங்கீட்டிற்கும் சொல்லத்தக்கது சிறிதேனும் உடையது என்றே நாம் கருதுகின்றோம்.